பக்திக்குச் சந்தேகமும் வேண்டும்

1976-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் செய்த ஒரு காரியம் இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. எச். நரசிம்மையா என்பது அவர் பெயர். ஊருக்கு அவர் 'எச்.என்.' அற்புதங்களையும், சோதித்துப் பார்க்கக்கூடிய மூடநம்பிக்கைகளையும் ஆராய்வதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அமைத்தார். வெறுங்கையில் விபூதியும் மோதிரமும் வரவழைப்பவர் என்று புகழ்பெற்றிருந்த சத்ய சாய்பாபாவுக்கு, குழுவின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு அதைச் செய்து காட்டும்படி கடிதம் எழுதினார். ஒன்றுக்கு மூன்றாக எழுதியும் பதில் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு இதுவா வேலை என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. 1977-இல் குழுவும் கலைந்தது. இத்தனைக்கும் எச்.என். மரபை அறியாதவரோ, மேல்நாட்டு மோகத்தில் பேசியவரோ இல்லை. கௌரிபிதனூர்ப் பக்கம் ஹோசூர் என்ற கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். காந்தியைப் பின்பற்றிக் கதர் உடுத்தியவர், 1942 போராட்டத்தில் சிறைக்குப் போனவர். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் பசவனகுடி நேஷனல் கல்லூரி விடுதியில் ஓர் அறையே போதும் என்று வாழ்ந்தவர்.

இந்தக் கதையை நாத்திகர்கள் கொண்டாடுவார்கள். பக்தர்கள் முகம் சுளித்து நகர்ந்துவிடுவார்கள். எனக்கென்னவோ இது பக்தர்கள்தான் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய கதை என்று படுகிறது. கடவுளை நம்புவது ஒன்று. கடவுளின் பெயரைச் சொல்லி ஒரு மனிதர் நம்மிடம் சொல்வதை நம்புவது வேறொன்று. முதலாவது மனசுக்கும் தெய்வத்துக்கும் நடுவில் இருப்பது. அதை அளக்கத் தராசு கிடையாது. இரண்டாவது நம் கண்முன்னால், இந்த மண்ணில் நடக்கிறது. கையில் விபூதி வந்தது, சிலை பால் குடித்தது, மந்திரித்ததும் விஷம் இறங்கியது என்பதெல்லாம் இந்த வகை. நடந்ததா, நடந்தால் எப்படி நடந்தது என்று பார்த்துவிட முடியும். எச்.என். குழு கைவைத்தது இந்த இரண்டாவதில் மட்டும்தான். இறைவன் உண்டா இல்லையா என்பது அதன் விசாரணையில் இல்லை. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாய்பாபாவின் பெயரில் இதே பெங்களூரில், வைட்ஃபீல்டில், 2001 முதல் ஓர் உயர் சிறப்பு மருத்துவமனை ஏழைகளுக்குக் காசு வாங்காமல் அறுவை சிகிச்சை செய்கிறது. அங்கே குணமாகி வீடு திரும்புகிறவர்களுக்கு உதவியது பக்தர்களின் கொடையும் மருத்துவர்களின் தேர்ச்சியும். விபூதி உள்ளங்கையில் எப்படி வந்தது என்ற கேள்விக்கு என்ன விடை கிடைத்தாலும் அந்தத் தொண்டின் மதிப்பு ஒரு குன்றிமணி அளவும் குறையாது. பக்தியின் நல்ல விளைவுகளுக்கு அற்புதத்தின் தயவு தேவைப்படவில்லை என்பதுதான் இதில் நாம் பார்க்க வேண்டியது.

ஆராய்ந்தால் பக்தி அடிபட்டுப்போகும் என்ற பயம் பலருக்கு உண்டு. பசவனகுடியை ஒட்டிய கவிபுரத்தில் இருக்கும் கவி கங்காதரேஸ்வரர் குகைக்கோவில் அந்தப் பயத்துக்கு நல்ல பதில். ஒவ்வொரு மகர சங்கராந்தி மாலையிலும் சாயும் சூரியனின் கதிர் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து, குகைக்குள் இருக்கும் லிங்கத்தின் மேல் விழுகிறது. அதைத் தரிசிக்கக் கூட்டம் அலைமோதும். பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தைச் சேர்ந்த வானியலாளர் பி. எஸ். ஷைலஜாவும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கோவிலை அளந்து ஆராய்ந்து 2008-இல் கரண்ட் சயன்ஸ் இதழில் கட்டுரை எழுதினார்கள். ஒளி சங்கராந்தியில் மட்டும் விழவில்லை, நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரையிலும் விழுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். யோசித்தால் கணக்கு நேராக வரும். சூரியன் தெற்கே போய்த் திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். திரும்பி இருபத்துநான்கு நாள் ஆனதும் ஜனவரி 14-இல் எந்த இடத்தில் மறைகிறதோ, திரும்புவதற்கு இருபத்துநான்கு நாள் முன்பும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் மறைந்திருக்கும். ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியல் 1792-இல் வரைந்த படத்தோடு ஒப்பிட்டு, பிற்காலக் கட்டுமானங்கள் ஒளி வரும் வழியை மாற்றியிருப்பதையும் எடுத்துக் காட்டினார்கள்.

இதனால் அந்தக் கோவிலுக்கு என்ன குறைந்தது? சங்கராந்திக் கூட்டம் இன்றும் அப்படியே கூடுகிறது. கூடியது ஒன்று உண்டு: சூரியன் மறையும் திசை நாளுக்கு நாள் நகர்வதைக் கவனித்துக் கணக்கு வைத்திருந்த பெயர் தெரியாத அந்தச் சிற்பிகள் மீதான மதிப்பு. வெறும் அதிசயம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்திருந்தால் அவர்களின் அறிவு நமக்குத் தெரியாமலே போயிருக்கும். கேள்வி கேட்காத பக்திக்குள் வேறொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மேகம் மூடிய ஒரு சங்கராந்தியில் ஒளி விழவில்லையென்றால், நாட்டுக்கே கெட்ட காலம் என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். காரணம் தெரிந்த பக்தர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த நாளும் ஒளி வரும், அப்போது தரிசித்துக்கொள்ளலாம் என்று கும்பிட்டுவிட்டுப் போவார். பயமில்லாமல் கும்பிடுவது எவ்வளவு பெரிய பேறு என்பது பயந்து பயந்து பரிகாரம் செய்து களைத்தவர்களுக்குத் தெரியும்.

தமிழர்களிடையே சுற்றும் ஒரு வாட்ஸப் செய்தியையும் இங்கே எடுத்துக்கொள்வோம். திருநள்ளாற்றின் மேல் பறக்கும் செயற்கைக்கோள்கள் சில நொடிகள் நின்றுவிடுகின்றனவாம்; நாசா விஞ்ஞானிகள் ஆராய்ந்து அசந்துபோய் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். ஆண்டுக்கணக்கில் இது சுற்றிக்கொண்டிருக்கிறது. தாழ்ந்த வட்டப்பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது, நின்றால் விழுந்துவிடும். இந்தியாவின் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் இஸ்ரோ மையம் இதே பெங்களூரில் பீன்யாவில் இருக்கிறது. ஒரு செயற்கைக்கோள் சில நொடி தாமதித்தாலும் முதலில் தெரிந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் திருநள்ளாறு. அதன் பெருமைக்கு நாசாவின் பெயரில் ஒரு பொய்ச் சான்றிதழ் எதற்கு? பொய்யை முட்டுக் கொடுத்துத்தான் சந்நிதியை நிறுத்த வேண்டும் என்று நினைப்பதே அந்தச் சந்நிதியின் மேல் நம்பிக்கை இல்லாததைத்தான் காட்டுகிறது. ஃபார்வர்டு செய்கிறவர் பக்தியோடுதான் செய்கிறார், அதில் ஐயமில்லை. ஆனால் அதை வாங்கிப் படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை பள்ளியில் இயற்பியல் படிக்கிறது. இது பொய் என்று தெரியும் நாளில் பொய்யோடு சேர்த்துப் பதிகத்தையும் தூக்கி எறிந்துவிடும். பக்தியை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க நினைக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

அதே இஸ்ரோவிடம் நான் சொல்லவரும் வாழ்க்கை முறைக்கு ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. சந்திரயான்-3 ஏவப்படும் முன் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் சூலூர்பேட்டை செங்காளம்மன் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டார். பகுத்தறிவாளர் சிலர் அதைக் குறை சொன்னார்கள்; எனக்கு அதில் குறை தெரியவில்லை. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் கலம் தரையிறங்கும்போது விழுந்து நொறுங்கியது. அடுத்த முறை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. எதெல்லாம் பழுதாகலாம் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, எது பழுதானாலும் இறங்கியே தீர வேண்டும் என்ற கணக்கில் புதிய கலத்தை வடிவமைத்தார்கள். கால்களுக்கு வலுவேற்றினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்குவதற்கான பரப்பைப் பெரிதாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் பத்திரமாக நிலவில் இறங்கியது. கோவிலில் கைகூப்பியவர்கள் தங்கள் மேசையில் இருந்த எதையும் சோதிக்காமல் நம்பவில்லை. கும்பிடுவதும் சோதிப்பதும் ஒரே ஆளிடம் ஒற்றுமையாக இருக்க முடியும் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இப்படிக் கேட்பதெல்லாம் வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று சொல்கிறவர்களுக்கு நம் வரலாறே மறுப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரில் வாழ்ந்த பசவண்ணர் சிவனையன்றி வேறு நினைவில்லாத பக்தர். கல்லில் செதுக்கிய நாகத்துக்குப் பால் வார்த்துவிட்டு, நிஜ நாகத்தைக் கண்டால் அடிக்க ஓடுகிறவர்களைக் கண்டித்து வசனம் என்ற கன்னடக் கவிதை வடிவில் பாடியவர் அவர்தான். தமிழில் மணிமேகலையைப் பாருங்கள். அவள் வஞ்சியில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள், கேட்டு எடைபோடுகிறாள். காஞ்சியில் அறவண அடிகள் எது சரியான அனுமானம், எது பிழையான அனுமானம் என்று தருக்கம் கற்பித்த பிறகுதான் அவள் தவநெறியில் நிலைகொள்கிறாள். துறவுக்கு முன் தருக்கம் என்று ஒரு காப்பியமே வரிசை வகுத்திருக்கிறது. இத்தகைய மரபு இருந்தும், பசவண்ணர் மரபின் வசனங்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து பதிப்பித்த எம். எம். கல்புர்கி 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். எந்த மதத்தின் பெயரிலும் கேள்வி கேட்டவரைக் கொல்வது அந்த மதத்தின் வரலாற்றையே அறியாதவர்களின் செயல்.

நம்பிக்கையுள்ள இருவர் ஒருவரையொருவர் எப்படிக் கேள்வி கேட்டுக்கொள்ளலாம் என்பதற்கு 1934 ஒரு நல்ல பாடம். அந்த ஆண்டு ஜனவரி 15 அன்று பீகாரில் பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்த காந்தி, திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று பேசினார். தாகூரும் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர்தான், தீண்டாமையை வெறுத்தவரும்கூட. ஆனாலும் அவர் எதிர்த்து எழுதினார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும், இந்த மாதிரி வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளின் மனப்போக்குக்குத்தான் பொருந்தும் என்பது அவர் கருத்து. யோசித்தால் எவ்வளவு உண்மை! தீண்டாமைக்குத் தண்டனை என்று ஒருவர் சொல்ல முடியுமானால், அரிஜனங்களைக் கோவிலுக்குள் விடப் பார்த்ததற்குத் தண்டனை என்று மற்றவரும் சொல்லலாம். சோதிக்க வழியில்லாத வாதம் யார் கையிலும் ஆயுதமாகும். காந்தியின் பெருந்தன்மை என்னவென்றால், அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் இதழிலேயே அச்சிட்டார். தன் நம்பிக்கையை அவர் விடவில்லை, எதிர்க்கேள்வியை மறைக்கவும் இல்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது: பாவம், கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஏதோ ஓர் ஆறுதல், அதை ஏன் கெடுக்க வேண்டும்? இந்தக் கேள்வியில் கருணை இருக்கிறது. அதனால் பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டும். ஆறுதல் தரும் பிரார்த்தனையை யாரும் தடுக்கவில்லை. சிகிச்சைக்குப் பதிலாக நிற்கும் நம்பிக்கையைத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. விஷமுறிவு மருந்து இருக்கிறது. ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மந்திரிக்கிறவர் வீட்டில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரைத் தின்கிறது. நம் பாம்புகளில் பாதிக்குமேல் விஷமற்றவை என்பதால் மந்திரித்தும் பலர் பிழைக்கிறார்கள், மந்திரவாதியின் புகழ் வளர்கிறது. பிழைக்காதவர்களை அவர் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. கர்நாடகம் 2017-இல் இயற்றி 2020 ஜனவரியில் நடைமுறைப்படுத்திய தீய பழக்கங்கள், பில்லிசூனியத் தடுப்புச் சட்டம், நாயோ பாம்போ தேளோ கடித்தவருக்கு மருத்துவம் கிடைக்கவிடாமல் தடுத்து மந்திரம் போடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதே சட்டம் பிரதட்சிணம், யாத்திரை, ஹரிகதை, கீர்த்தனை ஆகியவற்றைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். வழிபாட்டையும் தீங்கையும் பிரித்துப் பார்க்க முடியும் என்று ஒரு சட்டமே எழுதிக் காட்டியிருக்கிறது.

இதே பாம்பு விஷயத்தில் நம்பிக்கையும் அறிவும் கைகோத்த இடமும் உண்டு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்பு பெரும்பாலும் இந்த விஷத்தை நம்பித்தான் நடந்துவந்திருக்கிறது. அந்த இருளர்கள் கன்னியம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரக் கடற்கரையில் கூடி அவளை வழிபடுகிறார்கள். தெய்வத்தை விட்டுவிட்டு வந்துதான் உயிர்காக்கும் வேலையைச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை.

இரண்டாவது எதிர்வாதம்: இந்துக்களைத்தானே எப்போதும் கேட்கிறார்கள்? கேள்வி ஒரு மதத்தின் வாசலில் மட்டும் நிற்குமானால் அது நியாயமில்லைதான். ஆனால் உண்மையான சந்தேகவாதி அப்படி நிற்பதில்லை. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்ததாக நாடே திரண்டபோது, விஞ்ஞானிகள் சாயம் கலந்த பாலைக் கொடுத்து, அது சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். 2012-இல் மும்பையில் ஒரு தேவாலயச் சிலுவையிலிருந்து நீர் சொட்டியபோது, பகுத்தறிவாளர் சனல் இடமருகு, அடைபட்ட வடிகாலிலிருந்து சுவர் வழியே ஊறிய நீர் அது என்று காட்டினார். அவர்மேல் வழக்குப் பாய்ந்தது, அவர் பின்லாந்துக்குப் போனார். கத்தோலிக்கத் திருச்சபையே இதில் கற்றுக்கொடுக்க ஒன்று வைத்திருக்கிறது. லூர்து நகரில் குணமானதாகப் பதிவான 7,000-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளில், மருத்துவர்களின் விசாரணையைத் தாண்டி அற்புதம் என்று திருச்சபை ஏற்றது ஏறக்குறைய 70 மட்டுமே. இயேசுவைப் போர்த்திய துணி என்று போற்றப்பட்ட தூரின் துணியை 1988-இல் கார்பன் காலக்கணிப்புக்குக் கொடுத்தார்கள். 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்று முடிவு வந்தது, அதைப் பேராயரே அறிவித்தார். துணியைத் தரிசிக்க இன்றும் மக்கள் போகிறார்கள்.

மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது. ஒரு கேள்வியை அனுமதித்தால் அது எங்கே போய் நிற்கும்? இன்று மோதிரம், நாளை மந்திரம், நாளை மறுநாள் தெய்வமே இல்லை என்று முடியாதா? சிலருக்கு அப்படி முடியும் என்பது உண்மை. அப்படி முடிவுக்கு வர அவர்களுக்கு உரிமையும் உண்டு. ஆனால் எல்லாருக்கும் அப்படித்தான் முடியும் என்பதற்கு ஆதாரமில்லை. தாகூர் கேள்வி கேட்டுக்கொண்டே இறைவனைப் பாடினார். பசவண்ணரின் கேள்விகளிலிருந்து ஒரு பக்தி இயக்கமே வளர்ந்தது. உண்மையில் இளைஞர்களின் நம்பிக்கையைக் குலைப்பது கேள்வி என்பதைவிட, கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காததுதான் என்பேன். ஒருவர் மோசடியில் பிடிபட்டதும் அவரை நம்பியவர்கள் கடவுளையும் சேர்த்து வெறுப்பதைப் பார்க்கிறோம். அந்த மனிதரை அவர்கள் முதலிலேயே சோதித்திருந்தால் இந்த இழப்பு நேர்ந்திருக்காது.

சந்தேகிக்கிறவர்களுக்கும் கடமை உண்டு. பார்க்காமலே இல்லை என்பது பார்க்காமலே ஆமாம் என்பதற்கு அண்ணன் தம்பி முறை. கோவிலில் கண்மூடி நிற்கும் ஒரு தாயைக் கேலி செய்வதால் ஒரு மூடநம்பிக்கையும் ஒழிந்துவிடாது. அவமானப்பட்டவர் அடுத்த முறை காது கொடுக்கவே மாட்டார். கவிபுரத்துக் குகைக்குள் அளவுகருவியோடு போன ஆய்வாளர்கள் கோவிலைப் பழிக்கவில்லை, பார்த்தார்கள், அளந்தார்கள், எழுதினார்கள். அந்தப் பண்பு வேண்டும். 1976-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 42-ஆம் திருத்தம், அறிவியல் மனப்பாங்கை வளர்ப்பதை மனிதநேயத்தோடு சேர்த்தே குடிமக்களின் கடமையாக வைத்தது. மதச் சுதந்திரம் அதே அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவில் உரிமையாக இருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க யாருக்கும் இடமில்லை.

ஆகவே, பக்தர்களிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிய துறவு எதையும் இல்லை. கும்பிடுவதைக் குறைக்க வேண்டாம், விரதத்தை விட வேண்டாம். சாமியின் பெயரைச் சொல்லி யாராவது பணமோ, மகளின் படிப்போ, நோயாளியின் மருந்தோ விட்டுக்கொடுக்கச் சொன்னால் அங்கே நின்று கேளுங்கள்: இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? சோதிக்க அவர் சம்மதிக்கிறாரா? தவறாகப் போனால் இழப்பு யாருக்கு? பதில் சொல்ல மறுப்பவர் எத்தனை ருத்திராட்சம் அணிந்திருந்தாலும், எந்த வேதப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாலும், அவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். அப்படி எழுந்து வருவதால் தெய்வக் குற்றம் எதுவும் வராது. வீட்டில் பிள்ளைகள் ஏன் என்று கேட்கும்போது, அப்படிக் கேட்கக் கூடாது என்று வாயை அடைக்காமல், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைச் சேர்ந்து தேடுங்கள். கேட்டுத் தெளிந்து கைகூப்பும் பிள்ளையை ஒரு போலிச் சாமியாரும் ஏமாற்ற முடியாது; ஒரு வாட்ஸப் பொய் அம்பலமானதற்காக அது கோவிலை விட்டு ஓடவும் செய்யாது.